ஒரு தவணை முழுக்க வாங்கிய பள்ளிச் சாப்பாட்டுப் பெட்டி

திருகோணமலை டவுனில் பிள்ளைகளைப் படிக்க விட்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாலையூற்றுப் பக்கம் ஒரு அக்கா வீட்டிலேயே சமைத்து, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சில்வர் பெட்டியில் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறார். பெயர்ப் பலகை ஒன்றும் கிடையாது. ஆள் மூலம் ஆள் கேள்விப்பட்டுத்தான் வருகிறார்கள். ஒரு பெட்டி 220 ரூபாய். இரண்டாம் தவணை தொடங்கிய கிழமையிலிருந்து முடியும் வரைக்கும் மகளுக்கு வாங்கினேன்.

நான் ஓட்டோ ஓட்டுகிறேன். அனுராதபுரச் சந்தியில் நிற்பேன். காலையிலும் மத்தியானமும் நாலு பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்குகிறேன், அதில் இரண்டு என்னுடையவை. மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் வேலை. இரவு ஷிஃப்ட் முடிந்து அவள் வீட்டுக்கு வரும்போது பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருப்பார்கள். அதனால் கிழமையில் இரண்டு மூன்று நாளாவது பிள்ளைகளின் சாப்பாடு என் பொறுப்பு. எனக்குச் சமைக்கத் தெரிந்ததெல்லாம் பருப்பும் முட்டைப் பொரியலும்தான்.

மகள் தரம் 7. மகன் தரம் 3. அரச பாடசாலைகளில் தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை நடக்கும். எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையிலிருந்து வந்து உயரம், நிறை, கண், பல் எல்லாம் பார்ப்பார்கள். முதலாம் தவணையில் மகளைப் பார்த்த டொக்டர், அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, இரத்தம் சோதிக்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தார். ஹீமோகுளோபின் 10.6 என்று வந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 12க்குக் கீழே போனால் இரத்தச்சோகை. நிறையும் உயரத்துக்குக் காணாது. கிளினிக்கில் டொக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார், "இடைவேளைக்கு மகள் என்ன சாப்பிடுறா?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காசு கொடுத்து விடுகிறேன் என்று மட்டும் சொன்னேன். ஒவ்வொரு நாளும் என் வண்டியில்தான் ஏறி இறங்குகிறாள். அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. அன்றிரவு முழுக்க அது மனத்தை அரித்துக்கொண்டே இருந்தது.

அவளிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். காலையில் தேத்தண்ணியும் இரண்டு விசுக்கோத்தும். இடைவேளைக்கு ஒரு ரோல்ஸும் நிறம் போட்ட குளிர்பானமும். சில நாள் அதுவும் இல்லை, கன்டீனில் நெரிசலாக இருந்தால் சும்மா வந்துவிடுவாளாம். அப்படியே ஒன்றரைக்குப் பள்ளி விட்டு, இரண்டு மணிக்கு வீட்டில் ஆறிய சோற்றைக் கொறித்துவிட்டு, மூன்று மணிக்கு ரியூசனுக்கு ஓடுகிறாள். வளருகிற பிள்ளை விடியற்காலையிலிருந்து பின்னேரம் வரை ஒரு ரோல்ஸில் நிற்கிறாள்.

தரம் 5 வரைக்கும் இந்தக் கவலை எங்களுக்கு இருக்கவில்லை. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே சாப்பாடு கிடைக்கிறது. மகனுக்கு இப்போதும் கிடைக்கிறது. சோறும் பருப்பும் கீரையும் ஒரு நாள், கௌப்பி ஒரு நாள், முட்டை ஒரு நாள் என்று வரும். தரம் 6க்குக் காலடி வைத்ததும் அது நின்றுவிடும். பெண் பிள்ளை பெரியவளாகிற வயது அது. உடம்பு இரும்புச்சத்தைக் கூடுதலாகக் கேட்கிற நேரம். சரியாக அந்த நேரத்தில்தான் தட்டு கையை விட்டுப் போகிறது. அதை ஈடுகட்டுவது வீட்டின் பொறுப்பு என்பதை நான் ஒரு வருடத்துக்கு மேல் கவனிக்காமல் இருந்துவிட்டேன்.

சரி, அக்காவின் சமையலுக்கு வருகிறேன்.

பிள்ளை சாப்பிடப்போகும் சாப்பாடு எங்கே வேகிறது என்று பார்க்காமல் காசு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாள் விடிய ஐந்தேகாலுக்கு, சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். அக்கா முகம் சுளிக்கவில்லை. "உள்ளுக்க வாங்க தம்பி, செருப்பை மட்டும் கழட்டிட்டு வாங்க" என்றார். சின்ன அடுப்படி. இரண்டு காஸ் அடுப்பு, கொல்லையில் ஒரு விறகடுப்பு. அக்காவின் மச்சாள் தலையில் துணி கட்டிக்கொண்டு பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கொதித்தாறிய தண்ணீர் மூடிய பானையில் இருந்தது. பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்த்துவிட்டுப் போனதாகச் சொன்னார். டைபொயிட் ஊசி போட்ட அட்டையையும் நான் கேட்காமலே எடுத்துக் காட்டினார்.

எனக்கு நம்பிக்கை வந்தது அட்டையைப் பார்த்து அல்ல, சோற்றை அவர் ஆறவைத்த விதத்தைப் பார்த்து. வடித்த கையோடு பெட்டிக்குள் அள்ளிப் போடவில்லை. பெரிய அலுமினியத் தட்டு இரண்டில் பரப்பினார். மேசைக் காற்றாடியைத் தட்டுப் பக்கம் திருப்பிவிட்டார். மரக்கரண்டியால் ஓரத்திலிருந்து நடுவுக்குப் புரட்டினார். கொஞ்ச நேரம் கழித்துப் புறங்கையைச் சோற்றுக்கு மேலே, தொடாமல், பிடித்துப் பார்த்தார். இன்னும் ஆவி அடிக்கிறது என்று மறுபடியும் புரட்டினார். ஏன் இவ்வளவு பாடு என்று கேட்டேன். "சூட்டோட மூடினா வேர்க்கும் தம்பி. வேர்த்தா பத்து மணிக்கே ஊசிப்போகும்" என்றார். அவர் சொன்னது சரி. சோற்றில் இருக்கும் ஒரு வகைக் கிருமியின் வித்து வெந்தாலும் சாகாது. சோறு இளஞ்சூட்டில் நெடுநேரம் கிடந்தால் அது முளைத்துப் பெருகி வயிற்றைக் கலக்கிவிடும். சமைத்த சாப்பாட்டை ஒன்று 60 பாகைக்கு மேல் சூடாக வைக்க வேண்டும், அல்லது 5 பாகைக்குக் கீழே குளிரில் வைக்க வேண்டும். பள்ளிப் பையில் இரண்டும் நடக்காது. அதனால் சீக்கிரம் ஆறவைப்பதும் சீக்கிரம் சாப்பிடுவதும்தான் வழி.

கிழமைக்கு ஐந்து நாள் சாப்பாடு இப்படிப் போகும். திங்கள், தம்பலகாமத்துச் சிவப்புக் குத்தரிசிச் சோறு, பருப்பு, அவித்த முட்டை, பூசணிக்காய். செவ்வாய், அவித்த கௌப்பியும் தேங்காய்ப்பூவும் கட்டைச் சம்பலும், கூட ஒரு வாழைப்பழம். புதன், சோறு, மீன், பயற்றங்காய், முருங்கையிலை வறை. வியாழன் குரக்கன் பிட்டும் பயறும். வெள்ளி ஃபிரைட் ரைஸ். வெள்ளிக்கிழமையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அதில் எனக்குக் குறை இருக்கிறது.

புதன்கிழமைப் பெட்டிதான் இந்தச் சேவையின் உயிர் என்று நினைக்கிறேன். மீன் என்றால் பெரிய மீன் துண்டு இல்லை. சூடை, கீரி, நெத்தலி மாதிரிச் சின்ன மீன். திருமலையில் இதுதான் மலிவு, இதுதான் நல்லதும். கொறுக்காய்ப்புளி போட்டு மண்சட்டியில் வற்ற வைக்கிறார். முள்ளு மெத்தென்று ஆகிவிடுகிறது, பிள்ளை முள்ளோடு சேர்த்துச் சாப்பிடலாம். அந்த முள்ளில்தான் கல்சியம் இருக்கிறது. புளி போட்டதால் மத்தியானம் வரைக்கும் கெடாது. எங்கள் பிள்ளைகள் கடலைப் பார்த்து வளர்கிறார்கள், ஆனால் பள்ளிக்கூடத்தில் தின்பது பக்கற்றில் வந்த சோசேஜ். உள்துறைமுகத்தில் விடியக் கரைக்கு வந்த மீனை அன்றைக்கே பிள்ளையின் பெட்டியில் பார்ப்பது எனக்குப் பெரிய நிறைவு.

இரும்புச்சத்தைப் பற்றி டொக்டர் சொன்னதையும் இங்கே எழுதிவிடுகிறேன், இது எல்லாருக்கும் உதவும். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடம்பு லேசில் எடுத்துக்கொள்ளாது. மீன், இறைச்சியில் உள்ளதைச் சுலபமாக எடுக்கும். கீரையோடு தேசிக்காயோ கொய்யாவோ தோடம்பழமோ சேர்ந்தால், அதிலுள்ள விற்றமின் சி அந்த இரும்பை உடம்புக்குள் ஏற்றிவிடும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால், ஏற வேண்டியதையும் தேயிலைச் சாயம் தடுத்துவிடும். எங்கள் வீட்டில் காலையும் தேத்தண்ணி, சோற்றுக்குப் பிறகும் தேத்தண்ணி. அதை முதலில் நிறுத்தினோம். அக்காவிடம் இதைச் சொன்னேன். அடுத்த புதன்கிழமையிலிருந்து வறையின் மேல் தேசிக்காய்ப் புளி விட்டுத் தந்தார், சில நாள் மூலையில் ஒரு கீற்றுக் கொய்யா. ஆனி மாதத்தில் ஒரு நாள் மூடியைத் திறந்தால் ஒரு பிடி பாலைப்பழம்! மகள் அதை வீட்டுக்குக் கொண்டு வந்து தம்பிக்கும் கொடுத்தாள். பாலைப்பழக் காலத்தில் றோட்டோரம் கூறு கட்டி விற்கிறார்கள், நாமோ சுப்பர்மார்க்கற்றில் அப்பிள் வாங்குகிறோம்.

இனி, மனம் நொந்த விடயம். மூன்றாம் கிழமையில் ஒரு நாள் சாப்பாடு ஊசிப்போனது. கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த நேரம். அந்தக் காற்றின் வெக்கை திருமலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், காலை ஒன்பது மணிக்கே தகரம் சுடும். அக்கா அன்றைக்குப் பருப்பைத் தேங்காய்ப்பாலில் வைத்திருக்கிறார். ஆறேமுக்காலுக்குப் பெட்டியை வாங்கி மகளின் பையில் வைத்தேன். பத்தரைக்கு அவள் திறந்தபோது பருப்பில் நுரை கட்டி, புளித்த மணம். பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்களாம். அவள் மூடியை அழுத்தி மூடிவிட்டு வெறும் தண்ணீரைக் குடித்திருக்கிறாள். வண்டியில் ஏறும்போது என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் நான் பெட்டியைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

எனக்குக் கோபம் வந்தது. அன்று பின்னேரமே பெட்டியை அப்படியே கொண்டுபோய் அக்காவின் முன்னால் திறந்து வைத்தேன். அவர் சாக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு மூன்று வீட்டிலிருந்து அதே முறைப்பாடு வந்திருக்கிறது. அந்த நாளின் காசை எல்லாருக்கும் திருப்பிக் கொடுத்தார். அதைவிட முக்கியமாக இரண்டு மாற்றம் செய்தார். வெக்கைக் காலம் முடியும் வரை பெட்டிச் சாப்பாட்டில் தேங்காய்ப்பால் கிடையாது, எல்லாம் வறட்டல்தான். அடுத்தது, விடியவே கொடுக்காமல், எட்டு மணிக்குப் பிறகு சமைத்து, பத்து மணிக்குப் பெட்டிகளைப் பள்ளி வாசலுக்குக் கொண்டு வருகிறார். காவலாளி ஐயா வாங்கி, வகுப்பு எழுதிய கூடையில் வைக்கிறார். இதற்குப் பள்ளியில் அனுமதி வாங்க இரண்டு கிழமை அலைந்தார். நாலு மணி நேரம் பையில் கிடந்த சாப்பாடு இப்போது அரை மணி நேரத்தில் வயிற்றுக்குள் போகிறது. நீங்கள் வேறு எங்கே சாப்பாடு எடுத்தாலும் இந்த ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: எத்தனை மணிக்குச் சமைத்தது, எத்தனை மணிக்குப் பிள்ளை சாப்பிடும்?

சாப்பாடு நல்லது, சுத்தமானது, சரி. பிள்ளை சாப்பிட்டதா? இதில்தான் நான் நிறையப் படித்தேன்.

முதல் மாதம் ஒவ்வொரு நாளும் பெட்டியைத் திறந்து பார்த்தேன். முட்டை இருக்காது. சோறு பாதி இருக்கும். பூசணிக்காய்த் துண்டுகள் பெட்டியின் ஓரத்தில் வரிசையாக, ஒன்றின் மேல் ஒன்று படாமல், அடுக்கி இருக்கும். கீரை அப்படியே இருக்கும். சில நாள் கீரையைக் காணவில்லை என்று சந்தோஷப்பட்டேன். பிறகு கொப்பித் தாளில் சுற்றி அவள் பைக்குள் கிடந்ததைக் கண்டேன். கோபித்துக்கொள்ளாமல் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள், "கீரை எண்டா எல்லாரும் பாக்கிறாங்க அப்பா."

எல்லாரும் என்றால் பக்கத்தில் ரோல்ஸும் குளிர்பானமும் வைத்திருக்கும் பிள்ளைகள். அவர்களுக்கு நடுவில் மூடியைத் திறந்து முருங்கையிலையை அள்ளிச் சாப்பிட அவளுக்கு வெட்கம். ருசி பிடிக்காமல் இல்லை. வீட்டில் அதே வறையைத் தட்டில் போட்டால் சாப்பிடுகிறாள்.

அப்போதுதான் மகனைப் பற்றி யோசித்தேன். வீட்டில் கீரையைக் கண்டால் ஓடுகிறவன் அவன். பள்ளியில் கிடைக்கும் கீரையைச் சாப்பிட்டுவிட்டு வந்து, "இண்டைக்கு ரெண்டாம் தரமும் போட்டாங்க" என்று பெருமையாகச் சொல்கிறான். அங்கே முப்பது பிள்ளைகளும் வரிசையாக இருந்து ஒரே சோற்றை, ஒரே கறியைச் சாப்பிடுகிறார்கள். பக்கத்தில் இருப்பவனுடைய தட்டிலும் அதே கீரைதான். யாரும் யாரையும் பார்க்க ஒன்றுமில்லை. டொக்டரின் பிள்ளை, மீன்பிடிகாரரின் பிள்ளை, என் பிள்ளை எல்லாம் ஒரே தட்டு. இலவசம் என்பதற்காக அந்தச் சாப்பாட்டைச் சிலர் குறைத்துப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். நான் அப்படி நினைக்கவில்லை. அதில் உப்புக் கூடிய நாளும் உண்டு, பருப்பு தண்ணியாக வந்த நாளும் உண்டு. ஆனாலும் என் மகனைக் கீரை தின்ன வைத்தது அந்தச் சாப்பாடுதான், நானோ அவனுடைய அம்மாவோ அல்ல.

மகளின் வகுப்பில் அக்காவின் பெட்டி அவளுக்கு மட்டும்தான் வந்தது. மற்ற வகுப்புகளில் அங்கொன்று இங்கொன்று. நான் என் வண்டியில் வரும் பிள்ளைகளின் வீடுகளிலும், சந்தியில் நிற்கும் மற்ற ஓட்டோக்காரரிடமும் பேசினேன். மகளின் வகுப்பிலிருந்து மட்டும் நாலு பேரைச் சேர்த்தேன். அடுத்த திங்கட்கிழமை ஐந்து சில்வர் பெட்டிகள் ஒரே கூடையில் அந்த வகுப்புக்குப் போயின. பெட்டிகளில் எல்லாம் ஒரே சாப்பாடு. ஐந்து பிள்ளைகளும் வாங்குகளை ஒன்றாகத் தள்ளிப் போட்டு இருந்து சாப்பிடுகிறார்களாம். அந்தக் கிழமை புதன்கிழமைப் பெட்டி வெறுமையாக வந்தது. பையையும் பார்த்தேன், தாளும் இல்லை. அக்காவிடம் சொன்னபோது அவர் கண் கலங்கினார். அவருக்கும் அந்தக் கீரை திரும்பி வருவது தெரிந்துதான் இருக்கிறது, பெட்டிகளைக் கழுவுவது அவர்தானே.

அதனால் என் முதல் பரிந்துரை இது. இந்தச் சேவையை உங்கள் பிள்ளைக்கு மட்டும் எடுக்காதீர்கள். அதே வகுப்பில் நாலைந்து பேராகச் சேர்ந்து எடுங்கள். தனியாக எடுத்தால் 220 ரூபாயில் பாதி திரும்பி வரும்.

கன்டீனைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதுதான் சாப்பாடு. பாடசாலைக் கன்டீனில் எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது என்று கல்வி அமைச்சின் 2015ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை இருக்கிறது. அதைப் படித்தால் சந்தோஷமாக இருக்கும். அவித்த கடலை, கௌப்பி, பழம், இலைக்கஞ்சி போன்றவை இருக்க வேண்டும். நான் பார்த்த கன்டீன் ஒன்றில் கடலை இருந்தது, ஆனால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் அளவு. மிச்ச நேரம் முழுக்க மாப்பண்டமும் எண்ணெய்ப் பலகாரமும்தான். வாசலுக்கு வெளியே வண்டியில் விற்பவருக்குச் சுற்றறிக்கையும் இல்லை, ஒன்றும் இல்லை. அவரையும் நான் குறை சொல்லமாட்டேன், அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பிள்ளையின் கையில் காசு மட்டும் கொடுத்து விட்டால் அது எங்கே போகும் என்பது நமக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

குளிர்பானப் போத்தலில் உள்ள நிற வட்டத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுங்கள். 2016இலிருந்து இலங்கையில் அது கட்டாயம். 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை என்றால் செம்மஞ்சள், 2க்குக் குறைவென்றால் பச்சை. ஒரு நாள் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, மகளிடம் ஒரு வெறும் போத்தலைக் கொடுத்துக் கணக்குப் பார்க்கச் சொன்னேன். சிவப்பு வட்டம், 400 மில்லிலீற்றர். 11 கிராம் என்று வைத்தாலும் 44 கிராம். ஒரு தேக்கரண்டி 4 கிராம் என்றால் பதினொரு கரண்டி. அடுப்படிக்குப் போய்ச் சீனிப் போத்தலை எடுத்து வந்து ஒரு பீங்கானில் பதினொரு கரண்டி அள்ளிப் போட்டாள். குவியலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இவ்வளவா அப்பா?" என்றாள். தம்பி விரலை வைத்து நக்கப் பார்த்தான், கையைத் தட்டிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் சிவப்பு வட்டம் வாங்கவில்லை என்று சொல்கிறாள், நான் நம்புகிறேன்.

அக்காவின் பெட்டியில் எனக்குள்ள குறைகளைச் சொல்லிவிடுகிறேன். அவரிடமும் நேரே சொல்லியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஃபிரைட் ரைஸ் எனக்குப் பிடிக்கவே இல்லை. வெள்ளை அரிசி, எண்ணெய், சோயா சோஸ், நாலு துண்டு சோசேஜ். கரட் கண்ணுக்குத்தான். அக்கா சொல்லும் காரணம், பிள்ளைகள் அந்த ஒரு நாளைத்தான் எதிர்பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள், அதை நிறுத்தினால் பெட்டியே வேண்டாம் என்பார்கள் என்று. அது உண்மைதான். ஆனால் அதே சோற்றில் சோசேஜுக்குப் பதில் முட்டையையும் நெத்தலியையும் போடலாம். இதைச் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது, இன்னும் மாறவில்லை. அந்தச் சோசேஜில் இருக்கும் உப்பு ஒன்றே போதும்.

உப்பு பொதுவாகவே ஒரு படி கூடத்தான் இருக்கிறது. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராம், ஒரு தேக்கரண்டி அளவு, அதற்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிள்ளைகளுக்கு அதிலும் குறைய வேண்டும். மீன் கிடைக்காத கிழமையில் கருவாடு போடுகிறார், அன்றைக்கு மகள் வீட்டுக்கு வந்ததும் இரண்டு கிளாஸ் தண்ணீர் குடிக்கிறாள். கருவாடு போடும் நாளில் சம்பலையாவது விட்டுவிடலாம்.

அளவும் ஒரு பிரச்சினை. தரம் 6 பிள்ளைக்கும் தரம் 10 பையனுக்கும் ஒரே பெட்டி. என் மகளுக்குப் போதும். சந்தியில் நிற்கும் நண்பர் ஒருவரின் மகன் கால்பந்து விளையாடுகிறவன், அவனுக்குக் காணாது, மத்தியானம் மறுபடியும் கடையில் சாப்பிடுகிறான். கொஞ்சம் கூடக் காசு வாங்கிப் பெரிய பெட்டி கொடுக்கலாம்.

காசு மாதத் தொடக்கத்திலேயே முழுதாகக் கொடுக்க வேண்டும். இருபது நாள் என்றால் 4,400 ரூபாய். நாள் கூலிக்காரருக்கு அது ஒரே தடவையில் கஷ்டம். எனக்கு அக்கா இரண்டு தடவையாகக் கட்ட விட்டார், கேட்டால் உங்களுக்கும் விடுவார். பிள்ளை வராத நாளை முதல் நாள் பின்னேரம் ஏழு மணிக்கு முன் சொன்னால் காசு கழிப்பார், பிந்தினால் கழிக்கமாட்டார். மீன் வாங்கிவிட்டால் அவர்தான் என்ன செய்வார், அது நியாயம்தான். சில்வர் பெட்டிக்குத் தனியாக முற்பணம் வாங்குகிறார். லஞ்ச் ஷீட்டில் சூட்டோடு சோறு கட்டாமல் இருப்பதற்காக அந்தக் காசை நான் மகிழ்ச்சியோடு கொடுத்தேன். பொலித்தீன் லஞ்ச் ஷீட்டை 2017இலேயே தடை செய்தார்கள், இன்னும் எத்தனை கடையில் அதில்தான் கட்டுகிறார்கள்.

எண்ணெயைப் பற்றி நானே கேட்டேன். பொரித்த எண்ணெயை இரண்டாம் தடவை தாளிக்க மட்டும் எடுப்பதாகவும், மூன்றாம் தடவை கிடையாது என்றும் சொன்னார். நான் போன அன்று சட்டியில் இருந்த எண்ணெய் தெளிவாகத்தான் இருந்தது.

தவணை முடிந்த கிழமை மகளை மறுபடியும் கிளினிக்குக் கூட்டிப்போனேன். ஹீமோகுளோபின் 11.8. நிறை இரண்டு கிலோ கூடியிருக்கிறது. டொக்டர் தந்த இரும்பு மாத்திரையும் இந்த மாதங்களில் அவள் ஒழுங்காகப் போட்டாள், பூச்சி மாத்திரையும் கொடுத்தோம், தேத்தண்ணியையும் நிறுத்தினோம். எது எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. டொக்டர் அதே கேள்வியை மறுபடியும் கேட்டார். இந்தத் தடவை நான் வாய் திறக்க முன்னரே மகள் திங்கள் முதல் வெள்ளி வரை வரிசையாகச் சொன்னாள், வெள்ளிக்கிழமை சோசேஜையும் மறைக்கவில்லை.

அடுத்த தவணைக்கும் காசு கட்டிவிட்டேன். அக்கா இப்போது 28 பெட்டி கட்டுகிறார், அதற்கு மேல் கையால் ஆகாது என்கிறார். மகளின் வகுப்பிலேயே இன்னும் இரண்டு பேர் கேட்டு நிற்கிறார்கள். பாலையூற்றுக்கு அப்பால், உவர்மலைப் பக்கமோ உப்புவெளிப் பக்கமோ இதேபோல் காலையில் சமைக்கக்கூடிய யாராவது இருந்தால் தொடங்குங்கள். பெட்டி ஏற்றி இறக்க நான் வருகிறேன், முதல் ஒரு மாதத்துக்கு ஓட்டோக் கூலி வேண்டாம்.